வேர் தேடியவர்கள் – 9: தாத்தா எழுதிய ஏடும் பாட்டியை எழுதிய ஏடும்

சென்ற வாரம் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை எப்படிப் படிப்பது என்று பார்த்தோம். இந்த வாரம் அவற்றில் ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன். 1850.

அந்த ஆண்டு ஜூன் மாதம், வடக்கே டெலவேர் மாநிலத்தில் ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சிறுவனுக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்துகொண்டிருந்தது. தெற்கே வட கரோலினாவில் கொர்னீலியா என்ற பெண் குழந்தைக்கு ஆறு வயது. அதுவரை வீட்டுத் தலைவரின் பெயரை மட்டும் எழுதி, மற்றவர்களைத் தலை எண்ணிக்கையாகக் குறித்துவந்த அமெரிக்க அரசு, 1850இல்தான் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் எழுதும்படி கணக்கெடுப்பாளர்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் அந்த 'ஒவ்வொருவர்' என்பதற்குள் சுதந்திர மனிதர்கள் மட்டுமே அடங்குவார்கள். ராபர்ட்டின் தந்தை தாமஸ் அடிமையாகப் பிறந்து 1832இல் விடுதலை பெற்றவர். தாய் சாரா ஆன் பர்ட்டன் வெள்ளையினப் பெண். ஆகவே ராபர்ட்டுக்குப் பெயர் எழுதும் கட்டம் உண்டு. கொர்னீலியா அடிமைத் தாயின் மகள். அப்படிப் பிறந்தவர்களுக்கு வேறொரு படிவம் வைத்திருந்தார்கள். அதில் உரிமையாளரின் பெயர் முதலில் வரும். அதன் கீழே ஒவ்வொரு வரியிலும் வயது, ஆணா பெண்ணா, நிறம், ஓடிப்போனவரா என்று கட்டங்கள் உண்டு. அடிமையின் பெயருக்குக் கட்டம் கிடையாது.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1869 ஆகஸ்டில், இந்த இருவரும் கணவன் மனைவி ஆனார்கள். அவர்களுடைய பேத்திதான் இந்த வாரக் கட்டுரையின் நாயகி. பெயர் பாலி மர்ரே. வழக்கறிஞர், கவிஞர், பிற்காலத்தில் பாதிரியார். 1956இல் 'பிரவுட் ஷூஸ்' என்ற குடும்ப வரலாற்றை வெளியிட்டவர். அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' வெளிவருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே ஒரு கறுப்பினப் பெண் தன் தாத்தா பாட்டியின் கதையைக் காகிதங்களிலும் வாய்மொழியிலும் தேடி எழுதினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் வெகுகாலம் தெரிந்திருக்கவில்லை. இந்தத் தொடரை எழுதத் திட்டமிட்டபோது முதலில் மனத்தில் குறித்துக்கொண்ட பெயர் அவருடையது.

பாலி 1910இல் பால்ட்டிமோரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். தந்தையும் நோயுற்ற நிலையில், வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் இருந்த பெரியம்மா பாலின் அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார். பள்ளி ஆசிரியையான அந்தப் பெரியம்மாவோடு தாத்தா ராபர்ட்டும் பாட்டி கொர்னீலியாவும் அதே வீட்டில் வாழ்ந்தார்கள். 1898இல் ராபர்ட் கட்டிய வீடு அது. வெள்ளையர்களுக்கான மேப்பிள்வுட் இடுகாட்டின் சரிவுக்குக் கீழே நின்றது.

தாத்தாவுக்கு அப்போது கண் தெரியாது. பள்ளிவிட்டு வந்ததும் செய்தித்தாளைச் சத்தமாக அவருக்குப் படித்துக் காட்டுவது பேத்தியின் வேலை. நேரம் தவறக் கூடாது, சொல்லை விழுங்கக் கூடாது, முதுகு வளையக் கூடாது. இராணுவ ஒழுங்கு. பாட்டியோ நேர் எதிர். பக்கத்து வீட்டுக்காரர்களோடு வேலியோரம் நின்று உரத்த குரலில் சண்டையிடுவார். 'நான் யார் வீட்டுப் பெண் தெரியுமா' என்பதுதான் அந்தச் சண்டைகளின் சாரம். அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட வீடு, அவரை அடிமையாக வைத்திருந்த ஸ்மித் குடும்பத்தின் வீடு. சிறுமி பாலிக்கு அது புரியாத புதிராக இருந்தது. அந்தப் புதிரை அவிழ்க்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தேடலைத் தூண்டியது ஓர் அவமானம். 1952இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லைபீரியா நாட்டுச் சட்டங்களைத் தொகுக்கும் பணிக்கு விண்ணப்பித்தார் பாலி. எலினார் ரூஸ்வெல்ட், தர்குட் மார்ஷல், ஏ. பிலிப் ராண்டால்ஃப் ஆகிய மூவர் அவருக்காகப் பரிந்துரைக் கடிதம் கொடுத்திருந்தார்கள். கம்யூனிஸ்டு வேட்டை உச்சத்தில் இருந்த காலம். விண்ணப்பதாரரின் 'பழைய தொடர்புகள்' குறித்துத் தயக்கம் இருப்பதாகச் சொல்லி வேலையை மறுத்துவிட்டார்கள். என் பழைய தொடர்புகள் எவை என்று உங்களுக்குச் சொல்கிறேன் என்று உட்கார்ந்தார் பாலி. தன்னுடைய மிகப் பழைய தொடர்பு தன் குடும்பம்தான் என்று முடிவு செய்தார். நான்கு ஆண்டு உழைப்பில் அந்தப் புத்தகம் பிறந்தது.

தாத்தாவின் பக்கத்தைத் தேடுவது ஒப்பீட்டளவில் எளிதாக இருந்தது. காரணம், அவரே எழுதிவைத்திருந்தார். 1850களில் குடும்பம் பென்சில்வேனியாவின் செஸ்டர் கவுண்ட்டிக்குக் குடிபெயர்ந்தது, பிள்ளைகளின் படிப்புக்காக. 1854இல் அங்கே ஆஷ்மன் கல்வி நிலையம் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 1866இல் லிங்கன் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிய நிறுவனத்தில் ராபர்ட் படித்தார். உள்நாட்டுப் போர் வந்ததும் முதலில் படையின் சரக்கு வண்டி ஓட்டினார். பிறகு கடற்படையில் சேர்ந்தார். அதன் பிறகு கறுப்பின வீரர்களைக் கொண்ட ஐந்தாவது மாசசூசெட்ஸ் குதிரைப்படையில் சேர்ந்தார். போரின்போது கண்ணில் பட்ட காயமும் கெட்டுக்கொண்டே போன பார்வையும் 1864 அக்டோபரில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. வடக்கின் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் பணிபுரிந்தார்கள். ராபர்ட் அவர்களில் ஒருவர்.

படையில் ஒருவர் இருந்தார் என்றால் அவரைப் பற்றிய காகிதம் எங்கோ இருக்கும். எந்த நாளில் சேர்ந்தார், எவ்வளவு உயரம், எந்தத் தொழில், எப்போது மருத்துவமனையில் படுத்தார், எதற்காக அனுப்பப்பட்டார் என்று அட்டை அட்டையாக வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். ஆனால் குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு உண்மையான புதையல் சேவைப் பதிவேட்டில் இருப்பதில்லை. அது ஓய்வூதியக் கோப்பில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1862இல் வந்த சட்டப்படி, போரில் ஊனமுற்ற வீரருக்கும், இறந்தவரின் மனைவி மக்களுக்கும் அரசு ஓய்வூதியம் தந்தது. சும்மா தரவில்லை. காயம் போரில்தான் பட்டது என்று நிரூபிக்க வேண்டும். உடன் போரிட்டவர்கள் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அரசு நியமித்த மருத்துவர்கள் உடலைப் பரிசோதித்து, தழும்பின் நீளத்தைக்கூட எழுதுவார்கள். விதவை விண்ணப்பித்தால் திருமணத்தை நிரூபிக்க வேண்டும், பிள்ளைகளின் பிறந்த நாளை நிரூபிக்க வேண்டும். அன்றைய குடும்பங்களில் பிறப்பும் திருமணமும் இறப்பும் வீட்டு பைபிளின் நடுவில் உள்ள வெற்றுப் பக்கங்களில் எழுதப்பட்டன. அந்தப் பக்கங்களைக் கிழித்து விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பினார்கள். அவை திரும்பி வரவில்லை. இன்றும் ஆவணக் காப்பகத்தின் கோப்புகளைத் திறந்தால், யாரோ ஒரு தாய் கோணல்மாணலாக எழுதிய பிள்ளைகளின் பெயர் வரிசை மடிப்புக் குலையாமல் விழுகிறது.

அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களுக்கு இந்த நிரூபணம் பெரிய சோதனை. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. ஆகவே சான்றிதழ் இல்லை. பிறந்த தேதியும் தெரியாது. அதனால் அக்கம்பக்கத்தார், உடன் அடிமையாக இருந்தவர்கள், சில வேளைகளில் பழைய எசமானர்களே வந்து சாட்சி சொன்னார்கள். 'சோளம் அறுத்த காலத்தில் மணம் நடந்தது, நான் கூட இருந்தேன்' என்ற வகையில் அந்தச் சாட்சியங்கள் அமைந்தன. அரசு அவர்களை நம்ப மறுத்து, சிறப்பு அதிகாரியை அனுப்பித் துருவித் துருவிக் கேட்டது. அந்த அவநம்பிக்கையின் பயனாக, எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கான மனிதர்களின் வாழ்க்கை அவர்கள் வாய்ச்சொல்லாகவே பதிவாகிவிட்டது. வேறெந்த ஏட்டிலும் அவர்கள் இப்படிப் பேசியதில்லை.

ராபர்ட்டுக்கு எழுதத் தெரியும். அதுதான் அவருடைய பெரிய சொத்து. 1866இல் அவர் ஆசிரியராக வர்ஜீனியாவின் அமீலியா கோர்ட் ஹவுஸ் என்ற ஊருக்குப் போனார். விடுதலை பெற்ற மக்களுக்கு எழுத்தறிவிக்கும் பணி. போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அமீலியா வழியாகத்தான் தெற்கின் தளபதி ஜெனரல் லீயின் படை கடைசியாகப் பின்வாங்கியது. அந்த மண்ணில், குழந்தைகளும் அவர்களின் பெற்றோரும் ஒரே பலகையில் உட்கார்ந்து அகரம் படித்த பள்ளி அவருடையது. விடுதலை பெற்றோர் நலத்துறை அன்றைய ஆசிரியர்களிடம் மாதந்தோறும் அறிக்கை வாங்கியது. எத்தனை மாணவர்கள், அவர்களில் பதினாறு வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், போருக்கு முன்பே சுதந்திரமாக இருந்தவர்கள் எத்தனை பேர், எழுத்துக் கூட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று அந்தப் படிவம் கேட்கும். பள்ளி ஆசிரியரின் கையெழுத்தோடு அவை இன்றும் கிடைக்கின்றன. ஒரு முன்னோர் ஆசிரியராக இருந்திருந்தால், அவர் உழைப்பை மாதவாரியாகக் காணலாம்.

அறிக்கைகள் போக, ராபர்ட் நாட்குறிப்பும் எழுதினார். படையில் இருந்த காலத்திலிருந்து தொடங்கி, பள்ளி நடத்திய ஆண்டுகள் வரை. பார்வை மங்கிக்கொண்டே வந்த மனிதர் எழுதிய நாட்குறிப்பு இது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. தாத்தாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டிய சிறுமி, தாத்தா இறந்து பல்லாண்டுகள் கழித்து, அவர் கண் தெரிந்த நாளில் எழுதியதைத் தானே படித்தார். 1919இல் தாத்தா இறந்தபோது பாலிக்கு எட்டு வயது. வீட்டில் பார்த்த முதியவரிடம் கேட்க முடியாத கேள்விகளுக்கு இருபத்தேழு வயது இளைஞன் பதில் சொன்னான்.

1868இல் ராபர்ட் வட கரோலினாவுக்கு வந்தார். அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது குற்றம் என்று 1830இல் சட்டம் போட்ட மாநிலம் அது. ஹில்ஸ்பரோவை ஒட்டிய பகுதியில் பள்ளி தொடங்கினார். பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் வரவழைத்தார். தம்பி ரிச்சர்ட் செங்கல் சூளை வைத்து, பிற்காலத்தில் டர்ஹாமின் பெரிய செல்வந்தர்களில் ஒருவரானார். மெக்கானிக்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ் வங்கியின் முதல் தலைவரும் அவர்தான். அதெல்லாம் பின்னால். 1870இல் நிலைமை வேறு. பக்கத்து அலமான்ஸ் கவுண்ட்டியில் வையட் அவுட்லா என்ற கறுப்பினத் தலைவரைக் கூ க்ளக்ஸ் கிளான் கும்பல் அந்த ஆண்டு பிப்ரவரி 26 இரவு நீதிமன்றத்துக்கு எதிரே மரத்தில் தூக்கிலிட்டது. அப்படிப்பட்ட சூழலில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தந்த ஆசிரியரின் வீட்டைச் சுற்றி இரவில் குதிரைக் குளம்பொலி கேட்டால், யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. அந்தக் குளம்பொலியைப் பற்றி பாட்டி கொர்னீலியா பேத்தியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இனி பாட்டிக்கு வருவோம். இந்தத் தேடலில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இதுதான்.

கொர்னீலியாவின் தாய் ஹாரியட். 1834இல் டாக்டர் ஜேம்ஸ் ஸ்ட்ரட்விக் ஸ்மித், பதினைந்து வயது ஹாரியட்டை 450 டாலருக்கு வாங்கித் தன் மகள் மேரி ரஃபின் ஸ்மித்துக்குப் பணிப்பெண்ணாகக் கொடுத்தார். டாக்டர் சாதாரண ஆள் இல்லை. 1817 முதல் 1821 வரை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். நம் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் பத்திரம் பதிவது போல, அங்கே கவுண்ட்டி நீதிமன்றங்களில் நிலம் விற்ற பத்திரமும் மனிதரை விற்ற பத்திரமும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் பதிவாகின. கறுப்பினக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் இந்த ஏடுகளைத்தான் முதலில் திறக்கிறார்கள். உரிமையாளர் இறந்தால் சொத்துப் பட்டியல் எடுப்பார்கள். அதில் மாடு, கலப்பை, கட்டில் ஆகியவற்றோடு ஒரு வரியில் ஒரு தாயின் பெயர், எதிரே டாலர் மதிப்பு. குடிக்கணக்கில் இல்லாத பெயர் விலைப்பட்டியலில் இருக்கிறது. 1870 கணக்கெடுப்புதான் விடுதலை பெற்ற எல்லோரையும் பெயரோடு எழுதிய முதல் கணக்கெடுப்பு. அதற்கு முன்னே போக வேண்டும் என்றால், முன்னோரின் பெயரை விட்டுவிட்டு, அவரை வைத்திருந்தவரின் பெயரைத் தேட வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு இதைவிடக் கசப்பான வேலை இருக்க முடியாது.

ஹாரியட்டுக்குக் கணவர் இருந்தார். ரூபன் டே, சுதந்திரக் கறுப்பினத்தவர். ஜூலியஸ் என்று ஒரு மகன். மேரியின் சகோதரர்கள் சிட்னி, பிரான்சிஸ் இருவரின் கண்ணும் ஹாரியட் மீது விழுந்தது. ரூபனை அடித்து, இனி இந்தப் பக்கம் வந்தால் உயிர் இருக்காது என்று விரட்டினார்கள். சிட்னி ஹாரியட்டின் குடிசைக் கதவை உடைத்து உள்ளே போய் அவரை வன்புணர்ந்தார். 1844 பிப்ரவரியில் கொர்னீலியா பிறந்தார். பிற்பாடு பிரான்சிஸுக்கு ஹாரியட் மூன்று பெண் குழந்தைகளைப் பெற்றார். எம்மா, அனெட், லாரா.

மேலே சொன்ன கொடுமைக்கு நீதிமன்ற ஆவணம் கிடையாது. அடிமைப் பெண்ணை வன்புணர்வது அன்றைய சட்டத்தில் குற்றமே இல்லை. குற்றம் இல்லாத இடத்தில் வழக்கு இல்லை, வழக்கு இல்லாத இடத்தில் காகிதம் இல்லை. பாட்டி சொன்னதுதான் ஆவணம். தன் தாயிடமும் வீட்டாரிடமும் கேட்டறிந்ததைக் கொர்னீலியா தன் பெண்களுக்கும் பேத்திக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால், ரூபன் டே என்ற ஒரு கணவன் அடிபட்டு ஓடிய இரவை இன்று ஒருவரும் அறிந்திருக்க முடியாது. குடும்ப வரலாறு எழுதுகிறவர்களில் சிலர், எழுத்துச் சான்று இல்லாததெல்லாம் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது கண்டிப்பான ஆய்வு போலத் தோன்றும். ஆனால் எழுத்து யார் கையில் இருந்ததோ அவர்களின் மௌனத்தையும் அது சேர்த்து ஏற்றுக்கொண்டுவிடுகிறது. பாலி வழக்கறிஞர், சான்றின் அருமை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் பாட்டியின் சொல்லைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டார். அதன் பெயர்களையும் இடங்களையும் ஊர்களையும் பத்திரங்களோடும் உயில்களோடும் திருச்சபை ஏடுகளோடும் ஒத்துப்பார்த்தார்.

திருச்சபை ஏடு என்றேன். சேப்பல் ஹில் ஊரில் சேப்பல் ஆஃப் தி கிராஸ் என்ற எபிஸ்கோப்பல் ஆலயம் இருக்கிறது. 1854 டிசம்பரில் மேரி ஸ்மித் ஹாரியட்டின் பிள்ளைகளை அங்கே அழைத்துச்சென்று திருமுழுக்கு அளிக்கச் செய்தார். தனக்குச் சொந்தமான வேலைக்காரப் பிள்ளைகள் ஐவர் என்றுதான் ஏட்டில் பதிவாயிற்று. கொர்னீலியாவும் தங்கைகளும் மேரியின் உடன்பிறந்தாருக்குப் பிறந்த பெண்கள். நம் முறைப்படி மேரி அவர்களுக்கு அத்தை. ஊரறிந்த இந்த உறவைப் பாதிரியாரின் பேனா எழுதவில்லை. 'அடிமை' என்ற சொல்லையும் தவிர்த்து 'வேலைக்காரர்' என்று எழுதுவது அந்த வட்டாரத்தில் நாகரிகமாகக் கருதப்பட்டது. அந்த ஒரு வரியில் இரண்டு உண்மைகள் மறைக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் பேத்திக்கு அந்த வரி வேண்டியிருந்தது. ஏனென்றால் பாட்டி பேத்தியிடம் சொன்ன ஊர், ஆலயம், எசமானியின் பெயர் மூன்றும் அந்த வரியில் இருந்தன.

மேரி திருமணம் செய்துகொள்ளவில்லை. நான்கு பெண்களையும் தன் வீட்டிலேயே வளர்த்தார். ஆலயத்துக்கு அழைத்துச்சென்றால் அவர்களைப் பின்னே மாடத்தில் உட்காரவைப்பார். பாசம் இருந்தது, உடைமை உணர்வும் இருந்தது. இரண்டையும் பாலி எழுதினார், ஒன்றுக்காக மற்றொன்றை மன்னிக்காமல். கொர்னீலியாவின் பெருமைக்கும் அதுதான் மூலம். தன்னைப் பெற்றெடுத்த தாயின் வேதனையையும், தன்னைப் பெற்ற வெள்ளைக்காரரின் குடும்பப் பெருமையையும் அவர் ஒரே மூச்சில் சொல்வார். படிக்கிற நமக்குச் சங்கடமாக இருக்கிறது. பேத்திக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. இருந்தும் அவர் பாட்டியைத் திருத்தி எழுதவில்லை. முன்னோரை நம் விருப்பப்படி வீரர்களாகவோ பலியானவர்களாகவோ செதுக்கிக்கொள்ளும் ஆசையிலிருந்து தப்பிய மிகச் சில குடும்ப வரலாறுகளில் ஒன்று இது என்று நான் கருதுகிறேன்.

1885இல் மேரி இறந்தார். உயில், தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும் காகிதங்களில் மிக வெளிப்படையானது. யார் யாருக்கு எவ்வளவு வேண்டியவர் என்று அதில் அளவிட்டுச் சொல்லப்பட்டிருக்கும். நான்கு சகோதரியருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் நிலம் கிடைத்தது. பெருவாரியான சொத்து வட கரோலினாவின் எபிஸ்கோப்பல் மறைமாவட்டத்துக்கும் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்கும் போயிற்று.

இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1938இல் கொர்னீலியாவின் பேத்தி அதே பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தார். டிசம்பர் 5ஆம் தேதி ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அங்கே வந்து கௌரவ டாக்டர் பட்டம் பெற்று, அதன் முற்போக்கைப் பாராட்டிப் பேசினார். டிசம்பர் 12ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பின மாணவருக்குச் சட்டக் கல்வியை மாநிலத்துக்குள்ளேயே தர வேண்டும் என்று மிசௌரி மாநிலத்துக்கு எதிரான கெய்ன்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வாரத்திலேயே பல்கலைக்கழகத்திலிருந்து பாலிக்குக் கடிதம் வந்தது. உங்கள் இனத்தவரை இங்கே சேர்ப்பதில்லை என்பது அதன் செய்தி. அவருடைய பாட்டியின் அத்தை கொடுத்த நிலத்தை ஏற்றுக்கொண்ட நிறுவனம் அது. பாட்டியின் தகப்பன் வழிப் பாட்டனார் டாக்டர் ஸ்மித் அதன் அறங்காவலராக இருந்தவர். உறவைக் காட்டும் காகிதம் ஒன்றுகூட அந்தப் பேத்தியின் கையில் இல்லை. திருமுழுக்கு ஏட்டில் அந்த உறவை எழுதாமல் விட்டதன் விளைவை எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து இங்கே காணலாம்.

'பிரவுட் ஷூஸ்' முடிகிற இடத்தைச் சொல்ல வேண்டும். ராபர்ட் அடக்கமான குடும்ப இடுகாடு, மேப்பிள்வுட் இடுகாட்டை ஒட்டி, வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் தெற்கின் படைவீரர்களின் கல்லறைகள். நினைவு நாட்களில் அவற்றில் தென் கூட்டமைப்பின் கொடிகள் பறக்கும். அமெரிக்க ஒன்றியத்துக்காகக் கண்ணைக் கொடுத்தவரின் கல்லறையில் கொடியில்லை. சிறுமி பாலி ஒரு அமெரிக்கக் கொடியைக் கொண்டுபோய், வேலிக்கு அப்பாலிருந்து பார்த்தால் தெரியும்படி தாத்தாவின் கல்லறையில் நட்டார். குடும்பத்தின் முதல் ஆவணத்தை அன்றே அவர் பதிவு செய்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

புத்தகம் வந்தபோது போதிய கவனம் கிடைக்கவில்லை. 'ரூட்ஸ்' பெற்ற வரவேற்புக்குப் பிறகு 1978இல் மறுபதிப்பு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில், பாலி எபிஸ்கோப்பல் திருச்சபையின் பாதிரியாராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அந்தத் திருச்சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். வயது அறுபத்தாறு. அதே ஆண்டு பிப்ரவரி 13 அன்று, சேப்பல் ஹில்லில் உள்ள அதே சேப்பல் ஆஃப் தி கிராஸ் ஆலயத்தில் தம் முதல் நற்கருணை வழிபாட்டை நடத்தினார். அவர் நின்று நற்செய்தி வாசித்த மேடையில் ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருந்தது: மேரி ரஃபின் ஸ்மித்.

பாலி 1985இல் காலமானார். டர்ஹாமில் தாத்தா கட்டிய வீடு இன்று தேசிய வரலாற்றுச் சின்னம். ராபர்ட்டின் நாட்குறிப்பு உள்ளிட்ட ஃபிட்ஸ்ஜெரால்ட் குடும்பத்துக் காகிதங்களின் நுண்படச் சுருள், பேத்திக்கு இடம் மறுத்த அந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகத்திலேயே, தென்மாநில வரலாற்றுத் தொகுப்பில் இருக்கிறது. அங்கே போகிற ஆய்வாளர் எவரும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

(தொடரும்)